லெனர்ட்ஸ் மில்ஸ்: மேய்ன் காட்டின் மரவெட்டிக் குடியிருப்பைப் பார்க்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் இருக்கிறது மேய்ன் மாநிலம். மரம் வெட்டிப் பிழைத்த ஒரு பழைய குடியிருப்பை அங்கே காட்டுக்குள் அது இருந்த இடத்திலேயே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் சாமான்களை அடுக்கி வைத்த அருங்காட்சியகம் இல்லை இது. மில் ஓடும், உலை எரியும், மண்ணுக்குள் புதைத்த பானையில் பீன்ஸ் வேகும். பாஸ்டன், நியூ ஜெர்சி பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலர் இதே மாநிலத்தில் உள்ள அக்கேடியா தேசியப் பூங்காவுக்குப் போகும்போது இந்த இடத்தைப் பற்றித் தெரியாமலே திரும்பிவிடுகிறார்கள். அது எனக்கு வருத்தம். போகச் சொல்லும்போதெல்லாம் என்னிடம் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

இந்த இடம் சரியாக எங்கே இருக்கிறது? யார் நடத்துகிறார்கள்?

பெனோப்ஸ்காட் ஆற்றின் கிழக்குக் கரையில் பிராட்லி என்ற சிற்றூர். அதன் ஓரத்தில், பிளாக்மன் ஓடைக்கரையில் இருக்கிறது. பாங்கோர் நகரத்திலிருந்து காரில் அரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். பாஸ்டனிலிருந்து பாங்கோருக்கு ஏறக்குறைய 4 மணி நேரம். மேய்ன் வனம் மற்றும் மரவெட்டு அருங்காட்சியகம் என்ற லாப நோக்கில்லாத அமைப்பு 1960-இல் தொடங்கப்பட்டது. லெனர்ட்ஸ் மில்ஸ் அதன் இடம்தான். பெரும்பாலும் தன்னார்வலர்களின் உழைப்பில் நடக்கிறது. ஓய்வுபெற்ற மெக்கானிக்குகள், ஆசிரியர்கள், காட்டுவேலை பார்த்த குடும்பங்களின் பிள்ளைகள் என்று பலரைப் பார்க்கலாம்.

காலனிக் காலத்து ஊர் என்கிறார்கள். ஆனால் 1790-கள் என்றும் சொல்கிறார்கள். அப்போது அமெரிக்கா சுதந்திர நாடல்லவா?

ஆமாம். 1783-இலேயே பிரிட்டன் விட்டுக்கொடுத்துவிட்டது. இங்கே காட்டப்படும் குடியிருப்பு 1790-களைச் சேர்ந்தது. மேய்ன் அப்போது தனி மாநிலமாகக்கூட ஆகவில்லை. 1820 வரை மாசசூசெட்ஸின் ஒரு பகுதியாகவே இருந்தது. ஆனால் கோடாரி, மில், எருது பூட்டிய சறுக்குவண்டி எல்லாமே காலனி ஆட்சியில் இருந்த மாதிரியேதான் அதற்குப் பின்னும் இருந்தன. கொடி மாறிய மறுநாள் காட்டுவேலை மாறிவிடவில்லை.

இந்த ஊர் ஏன் தோன்றியது என்று புரிய, நூறு வருடம் பின்னால் போக வேண்டும். பிரிட்டிஷ் கடற்படைக்குப் பாய்மரம் வேண்டும். அதுவரை பால்டிக் கடல் பக்கத்து நாடுகளிலிருந்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். போர் வந்தால் அந்த வழி அடைபடும். இங்கேயோ வெள்ளை பைன் மரங்கள் 150 அடிக்கும் மேல், கோணல் இல்லாமல் நெட்டுக்கு நின்றன. 1691-இல் மாசசூசெட்ஸுக்குத் தரப்பட்ட சாசனத்தில் ஒரு விதி எழுதினார்கள்: தனியாருக்குக் கொடுக்கப்படாத நிலத்தில், தரையிலிருந்து 12 அங்குல உயரத்தில் 24 அங்குல விட்டமோ அதற்கு மேலோ உள்ள மரம் அரசருக்குச் சொந்தம். அனுமதியில்லாமல் வெட்டினால் மரத்துக்கு 100 பவுண்டு அபராதம். பிறகு வந்த சட்டங்கள் இதை இன்னும் இறுக்கின. அதிகாரிகள் வந்து மரத்தில் கோடாரியால் மூன்று வெட்டு வெட்டி, அம்புக்குறி மாதிரி அடையாளம் போட்டுவிட்டுப் போவார்கள்.

காட்டோரம் குடிசை போட்டு, பனியில் நடுங்கிக்கொண்டு, பலகை விற்றுப் பிழைக்கும் மனிதனின் நிலையை யோசித்துப் பாருங்கள். வீட்டைச் சுற்றி நிற்கும் நல்ல மரங்களெல்லாம் கடலுக்கு அப்பாலிருக்கும் அரசருக்குச் சொந்தம். 1772-இல் பக்கத்து நியூ ஹாம்ப்ஷையரின் வேர் என்ற ஊரில் இதற்காகவே கலவரம் வெடித்தது. அபராதம் கட்டாதவரைக் கைது செய்ய வந்த அதிகாரிகளை ஊர்க்காரர்கள் அடித்து விரட்டினார்கள். 1775 ஜூனில் மேய்ன் கடற்கரையின் மச்சையஸ் என்ற மரவெட்டு ஊரில், பாஸ்டனில் இருந்த பிரிட்டிஷ் படைக்குப் பலகை அனுப்புவதில் தொடங்கிய தகராறு கடற்சண்டையாக முடிந்தது. பாஸ்டனில் பிரிட்டனை எதிர்த்துத் தேயிலையைக் கடலில் கொட்டிய கதை எல்லாருக்கும் தெரியும். பைன் மரக் கதையும் அதே அளவு தெரிந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

கட்டடங்கள் அசலா?

பெரும்பாலும் பழைய முறைப்படி புதிதாகக் கட்டியவை. ஊர் இருந்த இடம்தான் அசல், ஓடை அசல். முழு மரத்தடிகளை அடுக்கிய குடிசை, கொல்லர் பட்டறை, கூரை போட்ட மரப்பாலம், மர அறுவை மில், வேட்டைக்காரரின் சிறு கொட்டகை, குதிரைக் கொட்டில் என்று நடந்துகொண்டே பார்க்கலாம்.

எப்போது போக வேண்டும்?

என் பதில் எப்போதும் ஒன்றுதான்: வேலை நடக்கும் நாளில் போங்கள். சாதாரண நாளில் போனால் கட்டடங்களையும் காட்டையும் பார்த்துவிட்டு வரலாம், அமைதியாக இருக்கும். ஆனால் மில் நின்றிருக்கும், உலை ஆறியிருக்கும். வருடத்தில் சில வார இறுதிகளில் ஆள்கள் அந்தக் காலத்து உடையில் வந்து வேலை செய்து காட்டுவார்கள். அக்டோபரில் நடக்கும் வாழும் வரலாற்று நாள்கள்தான் அவற்றில் முக்கியமானவை. மேப்பிள் இலைகள் சிவந்து நிற்கும் பருவமும் அதுவே. தேதி, நேரம், கட்டணம் வருடத்துக்கு வருடம் மாறும். புறப்படும் முன் அருங்காட்சியகத்தின் இணையதளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் எதிர்பார்ப்போடு போய் நிற்காதீர்கள்.

அங்கே தவறவிடக் கூடாதது எது?

தண்ணீரில் ஓடும் மர அறுவை மில்.

மில் வருவதற்கு முன் மரம் அறுக்கக் குழி வெட்டுவார்கள். மேலே ஒருவர், குழிக்குள் ஒருவர் நின்று நீண்ட ரம்பத்தை மேலும் கீழும் இழுப்பார்கள். கீழே இருப்பவர் நாள் முழுக்க மரத்தூளில் குளிப்பார். அந்தக் கீழ் ஆளின் வேலையை ஓடைக்குக் கொடுத்ததுதான் மில். அணையில் தேக்கிய நீரைத் திறந்துவிட்டால் சக்கரம் சுழலும். சக்கரத்தின் சுழற்சியை ஒரு வளைந்த இரும்புக் கம்பி மேல்கீழ் அசைவாக மாற்றும். மரச்சட்டத்தில் இறுக்கிக் கட்டிய நேரான ரம்பம் ஏறி இறங்கும். ஒவ்வொரு இறக்கத்துக்கும் ஒரு பல்சக்கரம் ஒரு பல் நகர்ந்து, தடி கிடக்கும் வண்டியை முன்னே தள்ளும். மின்சாரமும் இல்லை, எண்ணெயும் இல்லை. தண்ணீர் குறைந்தால் வேகம் குறையும், நின்றால் ஊரே நிற்கும். சத்தமும் நாம் நினைக்கிற மில் சத்தம் இல்லை. தடக், தடக் என்று நிதானமாகப் போகும்.

அறுத்து வந்த பலகையை வாங்கிப் பாருங்கள். கேட்டால் கொடுப்பார்கள். குறுக்கே நேர்க்கோடுகள் வரிசையாக இருக்கும், விரலால் தடவினால் தெரியும். ஒவ்வொரு கோடும் ரம்பத்தின் ஒரு இறக்கம். பின்னாளில் வந்த வட்ட ரம்பம் வளைந்த கோடுகளை விடும். அப்புறம், பலகையின் ஒரு முனையைக் கவனியுங்கள். கடைசி ஓரிரு அங்குலம் அறுபடாமல், கையால் பிளந்தெடுத்த மாதிரி சிராய்ப்பாக இருக்கும். தடியைப் பிடித்திருக்கும் இரும்பில் ரம்பம் பட்டுவிடாமல், முனைக்குச் சற்று முன்பே நிறுத்திவிடுவார்கள். நியூ இங்கிலாந்து எனப்படும் இந்த வடகிழக்கு மாநிலங்களில் பழைய வீட்டின் வயதைக் கணிக்க வருகிறவர்கள் பரணில் ஏறி, டார்ச் அடித்து இந்தக் கோடுகளைத்தான் முதலில் தேடுவார்கள்.

மரம் அறுத்தது சரி. அவ்வளவு பெரிய மரத்தைக் காட்டிலிருந்து எப்படிக் கொண்டுவந்தார்கள்?

பனியை வைத்து. இலையுதிர் காலத்தில் காட்டுக்குள் போய் வெட்டத் தொடங்குவார்கள். தரை உறைந்ததும் சறுக்குவண்டியில் ஏற்றி எருதுகளை வைத்து ஓடைக்கரைக்கு இழுப்பார்கள். பனி உருகும் வசந்தத்தில் ஓடை பெருகும், அந்த வெள்ளத்தில் தடிகளை உருட்டிவிடுவார்கள். பாய்மரத்துக்கான மரம் என்றால் கவனம் இன்னும் அதிகம். விழும்போது முறிந்தால் அத்தனையும் வீண். அதனால் சிறு மரங்களையும் கிளைகளையும் பனியையும் மெத்தையாகப் பரப்பி அதன்மேல் சாய்ப்பார்கள். ஒரு அங்குல விட்டத்துக்கு ஒரு கஜம் நீளம் என்பது கணக்கு. 36 அங்குலத் தடிமனுள்ள பாய்மரம் 36 கஜம், அதாவது 108 அடி இருக்க வேண்டும். அதைத் திருப்பம் இல்லாத பாதையில் பல ஜோடி எருதுகள் இழுக்க வேண்டும்.

எருதுக்கு லாடம் அடிப்பதைப் பற்றிக் கொல்லர் பட்டறையில் கேளுங்கள். நம்மூரில் மாட்டைக் கயிறு போட்டுச் சாய்த்துக் கீழே படுக்க வைத்து லாடம் அடிப்போம். நியூ இங்கிலாந்தில் மரச்சட்டத்துக்குள் நிறுத்தி, வயிற்றுக்கு அடியில் வார் கொடுத்துத் தூக்கி, காலைக் கட்டி அடித்தார்கள். பிளந்த குளம்பு என்பதால் இங்கேயும் அங்கேயும் ஒரு காலுக்கு இரண்டு துண்டு லாடம்தான். கிராமத்திலிருந்து வந்த பெற்றோரை அழைத்துப் போனால், இந்த இடத்தில் அவர்கள் வழிகாட்டிக்கே விளக்கம் சொல்லத் தொடங்குவார்கள்.

ஆற்றில் தடி ஓட்டியவர்களைப் பற்றி அங்கே என்ன பார்க்கலாம்?

பட்டோ எனப்படும் கூர்முனைப் படகு ஒன்று. தட்டையான அடியும் நீண்டு உயர்ந்த முனைகளும் கொண்டது. தடிகள் சிக்கி நிற்கும் இடத்துக்கு ஆள்களைக் கொண்டுபோகப் பயன்பட்டது. சில நிகழ்வு நாள்களில் மில் குளத்தில் ஏற்றிக்கொண்டு போவார்கள்.

இன்னொன்று பீவி. கனமான மரக்கைப்பிடி, நுனியில் இரும்பு முள், பக்கத்தில் அசையும் கொக்கி. மிதக்கும் தடியைக் குத்தி உருட்டும் கருவி. பிராட்லிக்கு எதிர்க்கரையில் ஸ்டில்வாட்டர் என்ற இடத்தில் வாழ்ந்த ஜோசப் பீவி என்ற கொல்லர் 1850-களின் கடைசியில் இதைச் செய்தார். முந்தைய கருவியில் கொக்கி நாலாபக்கமும் ஆடி, தடியில் மாட்டாமல் வழுக்கும். பீவி அதை மேல்கீழாக மட்டும் அசையும்படி ஒரு பிடிக்குள் அடக்கினார். இவ்வளவுதான் மாற்றம். ஆனால் வழுக்கும் கொக்கி என்றால் ஆள் ஆற்றுக்குள் விழுவான், பனி உருகிய தண்ணீரில் தடிகளுக்கு நடுவே விழுந்தவன் பெரும்பாலும் எழுவதில்லை. அந்தக் கருவியைக் கையில் தூக்கிப் பார்க்கும்போது இது நினைவில் இருக்கட்டும். மேய்ன் ஆறுகளில் தடி மிதக்கவிடுவது 1976-இல்தான் முடிவுக்கு வந்தது. அந்த வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் இன்றும் இந்தப் பக்கத்தில் வாழ்கிறார்கள்.

நீராவி வண்டி ஒன்று இருக்கிறதாமே?

லோம்பார்ட் இழுவை வண்டி. மேய்னின் வாட்டர்வில் ஊர்க்காரரான ஆல்வின் லோம்பார்ட் 1901-இல் காப்புரிமை வாங்கினார். ரயில் எஞ்சினின் கொதிகலனை எடுத்து, பின்னால் சங்கிலிப்பட்டை, முன்னால் பனிச்சறுக்குக் கட்டை வைத்தது மாதிரி இருக்கும். நம்மூரில் பொக்லைன் வண்டி ஓடுகிற அந்தச் சங்கிலிப்பட்டையை வணிக அளவில் முதலில் வெற்றிகரமாக ஓட்டிக் காட்டிய வண்டி இதுதான். நீராவியில் ஓடுபவை 83 மட்டுமே செய்யப்பட்டன.

திசை திருப்புகிறவர் கொதிகலனுக்கு முன்னால், எல்லாருக்கும் முதல் ஆளாக உட்காருவார். பின்னால் டன் கணக்கில் தடி ஏற்றிய சறுக்குவண்டிகள் தொடர்ச்சியாக வரும். வண்டிக்குப் பிரேக் கிடையாது. இறக்கத்தில் பாதையில் வைக்கோல் பரப்பி வைப்பார்கள், அதுதான் வேகத்தைக் குறைக்கும். வைக்கோல் போட மறந்தால் என்ன ஆகும் என்று அங்கே நிற்கிற மெக்கானிக்கிடம் கேளுங்கள், மனுஷன் சொல்லி முடிக்க நேரமாகும். 1790-களுக்கும் இந்த வண்டிக்கும் நூறு வருட இடைவெளி உண்டு என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் குழப்பம் வரும். சில நிகழ்வு நாள்களில் இதை ஓட்டிக் காட்டுகிறார்கள். அந்த நாள் தெரிந்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

சாப்பாடு? நாங்கள் சைவம்.

மண்குழி பீன்ஸ் இங்கே பெயர் பெற்றது. குழி வெட்டி, கல் பரப்பி, கட்டை எரித்துத் தணலாக்கி, மூடியிட்ட இரும்புப் பானையை அதற்குள் இறக்கி, மேலே மண் மூடிவிடுவார்கள். ராத்திரி முழுக்க வேகும். மறுநாள் தோண்டி எடுப்பார்கள். வாசனை தூரத்திலேயே பிடிக்கும். ஆனால் பழைய முறையில் உப்பிட்ட பன்றிக்கறி போட்டுத்தான் சமைப்பார்கள். வெறும் பீன்ஸ்தானே என்று தட்டை நீட்டிவிடாதீர்கள். கறி போடாத பானை இருக்கிறதா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். புளிசாதமோ சப்பாத்தியோ கட்டி எடுத்துப்போவது உத்தமம். சுற்றிலும் காடு, சட்டென்று ஓடிப்போய் வாங்கக் கடை கிடையாது.

மரவெட்டிகள் முகாமில் காலை, மதியம், இரவு எல்லாவற்றுக்கும் பீன்ஸ், உப்புக்கறி, ரொட்டி, கருப்பஞ்சாற்றுப் பாகு, டீ. சாப்பிடும்போது பேசக் கூடாது என்பது பல முகாம்களில் கண்டிப்பான வழக்கம். சமையல்காரருக்கு எதிர்ப்பேச்சு கிடையாது.

வயதான பெற்றோரை அழைத்துப் போகலாமா?

போகலாம். மண்பாதை, மேடு பள்ளம், மழை பெய்திருந்தால் சேறு. பிடிப்புள்ள ஷூ போடச் சொல்லுங்கள். செருப்பும் புடவையுமாக வந்தால் ஓடைக்கரைச் சரிவில் சிரமப்படுவார்கள். சக்கர நாற்காலி தேவைப்பட்டால் முன்கூட்டியே தொடர்புகொண்டு விசாரியுங்கள். அக்டோபர் காலையில் நல்ல குளிர் இருக்கும், ஸ்வெட்டர் அவசியம்.

பூச்சித் தொல்லை உண்டா?

மே, ஜூனில் கறுப்பு ஈ கடிக்கும். கொசு மாதிரி சத்தம் போடாது, கடித்த பிறகுதான் தெரியும். அதைவிட முக்கியம் உண்ணி. மேய்னில் லைம் நோய் பரவலாக இருக்கிறது, பரப்புவது மான் உண்ணி. முழுக்கை, முழுக்கால் உடை, மருந்து ஸ்ப்ரே. வீடு திரும்பியதும் பிள்ளைகளின் காது மடல், முழங்கால் மடிப்பு, தலைமுடிக்குள் எல்லாம் பாருங்கள். இதைச் சும்மா சொல்லவில்லை.

படம், வீடியோ எடுக்கலாமா?

தாராளமாக. ஆள்களை அருகிலிருந்து எடுக்கும்போது ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

அந்த நிலம் யாருடையது?

இந்தக் கேள்வியை எல்லாரும் கேட்டால் நன்றாக இருக்கும். பெனோப்ஸ்காட் மக்களுடையது. வபனாகி என்ற கூட்டமைப்பைச் சேர்ந்த பழங்குடியினர். ஆற்றுக்கே அவர்கள் பெயர்தான். அவர்களின் தலைத்தோலுக்கு விலை வைத்து, பெண்களையும் குழந்தைகளையும்கூட விடாமல், மாசசூசெட்ஸின் துணை ஆளுநர் ஸ்பென்சர் ஃபிப்ஸ் 1755-இல் அறிவிப்பு வெளியிட்டார். 1796-இலும் 1818-இலும் செய்த ஒப்பந்தங்களால் ஆற்றின் இரு கரையிலும் பெரும்பகுதி அவர்கள் கையை விட்டுப் போனது. இந்தக் குடியிருப்பு உருவான அதே பத்தாண்டில்தான் முதல் ஒப்பந்தம். 1980-இல் மத்திய அரசின் சட்டம் மூலம் நில உரிமை வழக்கில் ஓர் உடன்பாடு ஏற்பட்டது.

அவர்கள் எங்கும் போய்விடவில்லை. ஆற்றில் சற்று மேலே, ஓல்ட் டவுன் என்ற ஊரை ஒட்டிய இந்தியன் தீவில் இன்றும் வாழ்கிறார்கள். காட்டு முகாம்களிலும் தடி ஓட்டும் வேலையிலும் பெனோப்ஸ்காட் ஆண்கள் பேர்பெற்றவர்களாக இருந்தார்கள். மில்லைப் பார்க்கிற அதே பயணத்தில் தீவில் உள்ள பெனோப்ஸ்காட் நேஷன் அருங்காட்சியகத்தையும் பாருங்கள். ஒன்றைப் பார்த்து மற்றதை விட்டால் பாதி வரலாறுதான் கிடைக்கும். திறந்திருக்கும் நாளை விசாரித்துவிட்டுப் போங்கள்.

ஓடையில் மீன் பார்க்கலாம் என்றார்களே?

மே மாதக் கடைசி, ஜூன் தொடக்கத்தில் பார்க்கலாம். ஏல்வைஃப் என்ற மீன், நம் மத்திக்கு உறவு. கடலில் வளர்ந்து, முட்டையிட ஆற்றில் ஏறும். மில்களுக்குக் கட்டிய அணைகள் அந்த வழியை அடைத்தன. பெனோப்ஸ்காட் மக்களின் உணவும் அதோடு போனது. இப்போது லெனர்ட்ஸ் மில்ஸில் அணைக்குப் பக்கத்தில் கற்களை அடுக்கிப் படிப்படியாகக் குட்டைகள் அமைத்து மீன்வழி கட்டியிருக்கிறார்கள். மீன்கள் ஒவ்வொரு படியாக நீந்தி ஏறி, மேலே உள்ள கீமோ குளத்துக்குப் போகின்றன. பெனோப்ஸ்காட் ஆற்றில் 2012-இல் கிரேட் வொர்க்ஸ் அணையையும் 2013-இல் வீஸி அணையையும் இடித்துவிட்டார்கள். அதற்குப் பிறகு மீன்கள் லட்சக்கணக்கில் திரும்பி வருகின்றன. மேலே கழுகு வட்டமிடும்.

பிள்ளைகளுக்கு அலுக்காதா?

கையில் வேலை கொடுத்தால் அலுக்காது. ஆப்பிள் பிழிவது, மெழுகுவர்த்தி முக்குவது, துருத்தி ஊதுவது மாதிரி ஏதாவது நடந்துகொண்டிருக்கும். உடை அணிந்து நிற்கிறவர்களிடம் "இது எந்த வருடம்?" என்று கேட்பதைவிட "உனக்கு ஒரு நாளைக்கு என்ன வேலை?" என்று கேட்கச் சொல்லுங்கள். பதில் நிற்காமல் வரும். இரண்டு, மூன்று மணி நேரம் எளிதாகப் போய்விடும்.

பக்கத்தில் வேறு என்ன பார்க்கலாம்?

ஓரோனோவில் மேய்ன் பல்கலைக்கழக வளாகத்தில் ஹட்சன் அருங்காட்சியகம் இருக்கிறது, வபனாகிக் கூடைகள் அங்கே அருமை. பாங்கோரில் கதைகளில் வரும் ராட்சத மரவெட்டி பால் பன்யனின் 31 அடி உயரச் சிலை, பிள்ளைகள் படம் எடுத்துக்கொள்ளலாம். நேரம் இருந்தால் வடக்கே பாட்டன் ஊரில் உள்ள மரவெட்டிகள் அருங்காட்சியகம் வரை போகலாம், முகாம் எப்படி இருந்தது என்பது அங்கே இன்னும் விரிவாகத் தெரியும். பாஸ்டனுக்குத் திரும்பும் வழியில் போர்ட்லாண்டில் டேட் ஹவுஸ் இருக்கிறது. பாய்மரம் வாங்கி அனுப்பும் முகவராக இருந்த ஜார்ஜ் டேட் 1755-இல் கட்டிய வீடு. காட்டில் வெட்டியவரின் ஒற்றை அறைக் குடிசையை முதலில் பார்த்துவிட்டு, அப்புறம் அதை விற்றவரின் வீட்டுக்குப் போங்கள். அந்த வரிசையில் பார்ப்பதுதான் சரி.